வெறும் குழாயை அளக்காமல் போன எட்டு மாதம்

இத்தனை வருட ஆராய்ச்சியில் எனக்குக் கிடைத்ததிலேயே அழகான வரைபடம் ஒரு பிளாஸ்டிக் குழாயின் தயவால் வந்தது. அது புரதத்தின் வேலை என்று எட்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களும், "இந்த மூலக்கூறு செல்லில் இத்தனை புரதங்களைத் தாக்குகிறது" என்று செய்தி படித்து அசந்து போகிறவர்களும் இந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது என்று தோன்றுகிறது.

என் வேலை, புரதங்கள் செல் சவ்வில் போய் உட்காரும்போது அந்தச் சவ்வுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பது. சவ்வு என்றால் பாடப்புத்தகத்தில் வேலி மாதிரி படம் போட்டிருப்பார்கள். உண்மையில் அது லிப்பிட் என்கிற கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக, வாலை உள்பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிற ஒரு படலம். கனம் 4, 5 நானோமீட்டர்தான். எண்ணெய் போல ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு லிப்பிட் பக்கத்தில் நிற்பதோடு இடம் மாற்றிக்கொள்வது நொடிக்கு ஒரு கோடி தடவை வாக்கில் நடக்கும், ஆனால் மேலடுக்கிலிருந்து கீழடுக்குக்குத் தானாகப் புரள்வதற்குப் பல மணி நேரம், சில சமயம் நாள்கணக்கில்கூட ஆகும். நம் மரபணுக்களில் ஏறக்குறைய நாலில் ஒன்று இந்தச் சவ்வுக்குள் வாழ்கிற புரதங்களுக்கானது. புழக்கத்தில் உள்ள மருந்துகளில் பெரும்பகுதி அந்தப் புரதங்களைத்தான் குறிவைக்கிறது. அவற்றைச் சவ்விலிருந்து பிரித்து எடுத்தால் கட்டி தட்டிப் போய்விடும், டிட்டர்ஜென்ட் போட்டுத் தாஜா பண்ணித்தான் வெளியே கொண்டுவர வேண்டும், அப்புறம் நாமே செய்த லிப்பிட் குமிழிகளில் திரும்பக் குடியேற்ற வேண்டும். அந்த அவஸ்தையைத் தனியாக எழுதலாம்.

சரி, குழாய்க்கு வருகிறேன்.

டிபிபிசி என்று ஒரு லிப்பிட் உண்டு. இதில் செய்த குமிழிகளைக் கலோரிமீட்டர் என்கிற வெப்பம் அளக்கும் கருவியில் வைத்து மெல்லச் சூடுபடுத்தினால் 41 டிகிரி செல்சியஸில், அதுவரை விறைப்பாக நின்ற வால்கள் எல்லாம் சேர்ந்தாற்போல் உருகும். வரைபடத்தில் ஊசி மாதிரி ஒரு சிகரம் வரும். அதற்கு முன்னால், 35 டிகிரி பக்கத்தில், சின்னதாக ஒரு மேடு தெரியும். அந்த மேடு ரொம்பத் தொட்டாற்சிணுங்கி. சவ்வுக்குள் அந்நியமாக ஏதாவது துளி நுழைந்தாலே காணாமல் போய்விடும். என் புரதத்தைச் சேர்த்தபோது மேடு மறைந்தது, ஊசிச் சிகரம் அகன்று தாழ்ந்து, ஒரு டிகிரிக்கு மேல் கீழே இறங்கியது. சவ்வுக்குள் ஏதோ ஆழமாக இறங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அறிகுறி கிடையாது. மூன்று தடவை திரும்பச் செய்தேன், மூன்று தடவையும் அதேதான். திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வந்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்ற மயக்கம் யாருக்கும் வரும், எனக்கும் வந்தது. தப்பும் நாணயமாகத் திரும்பத் திரும்ப வரும் என்று அப்போது உறைக்கவில்லை.

மாநாட்டுச் சுவரொட்டியாக அதை வைத்தேன். கட்டுரை பாதி எழுதியாகிவிட்டது. அந்தச் சமயத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தி வரைபடங்களைப் புரட்டிவிட்டு, "மேடம், புரதம் போடாத குழாயோட வரைபடம் எது?" என்று கேட்டாள். எடுத்துக் காட்டினேன். தேதியைப் பார்த்தாள். "இது போன வருஷத்தது. அப்ப லிப்பிட்டைக் கண்ணாடிக் குப்பியில வெச்சிருந்தீங்கன்னு நோட்டுல இருக்கு."

கண்ணாடிக் குப்பிகள் தீர்ந்துபோன ஒரு நாளில், ஆத்திர அவசரத்துக்கு லிப்பிட் கரைசலைப் பிளாஸ்டிக் குழாய்களில் பிரித்து வைத்திருந்தேன். லிப்பிட் கரைந்திருப்பது குளோரோஃபார்மில். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. மூடி இறுக்கமாக இருக்கும், கீழே விழுந்தால் உடையாது, வசதிதானே. அவள் அதே பிளாஸ்டிக் குழாயிலிருந்து லிப்பிட் எடுத்து, புரதமே இல்லாமல் ஓட்டினாள். மேடு இல்லை. சிகரம் அகன்று, தாழ்ந்து, இறங்கியிருந்தது. இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஒரே கோடு.

நடந்தது இதுதான். பிளாஸ்டிக் குழாய்களை வார்க்கும்போது அச்சில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வருவதற்காக ஓலியமைடு போன்ற பொருள்களைச் சேர்ப்பதுண்டு. தண்ணீர் வைத்தால் கசிவது கொஞ்சம்தான், குளோரோஃபார்ம் வைத்தால் உருவி எடுத்துவிடும். குளோரோஃபார்மை நைட்ரஜன் ஊதி ஆவியாக்குகிறோம் இல்லையா, அப்போது இது ஆவியாகாமல் லிப்பிட்டோடு தங்கிவிடுகிறது. ஓலியமைடுக்கும் லிப்பிட் மாதிரியே நீண்ட கொழுப்பு வால், தண்ணீரை விரும்பும் சின்னத் தலை. சவ்வுக்குள் கூசாமல் போய் வரிசையில் நின்றுகொள்ளும். தண்ணீர்க் கரைசல் என்றாலும் நிம்மதியாக இருக்க முடியாது. 2008ல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஆய்வகத்தில் தினமும் தூக்கி எறிகிற சாதாரண பிளாஸ்டிக் குழாய்களிலிருந்து ஓலியமைடும் கிருமிநாசினிகளும் கசிந்து, மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்கிற நொதியையே முடக்குகின்றன என்று காட்டினார்கள். அதை வெளியான வாரமே படித்தவள் நான். படித்தது தலைக்குள் இருந்தது, கைக்கு வந்து சேரவில்லை.

இந்தத் துறைக்கும் அழுக்குக்கும் உள்ள உறவு பழையது. ஆக்னஸ் பொக்கெல்ஸ் என்ற ஜெர்மானியப் பெண் கல்லூரிப் படிப்பு இல்லாமல், வீட்டிலிருந்தபடியே ஒரு தகரத் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு தகரப் பட்டையை நகர்த்தி நகர்த்தி, நீர்ப்பரப்பில் படிந்த எண்ணெய்ப் படலம் பரப்பு இழுவிசையை எப்படி மாற்றுகிறது என்று அளந்தார். 1891ல் இயற்பியலாளர் ராலே பிரபுவின் உதவியோடு அவருடைய கடிதம் நேச்சர் இதழில் வந்தது. அவருடைய முறையின் உயிர்நாடியே அந்தப் பட்டையால் பரப்பை வழித்துச் சுத்தப்படுத்துவதுதான். அழுக்கை அவர் முதலில் மதித்தார், அதனால்தான் அளக்க முடிந்தது.

1925ல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் சிவப்பணுக்களின் லிப்பிட்டை அசிட்டோனால் பிரித்தெடுத்து நீரில் பரப்பினார்கள். அது செல்லின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு வர, சவ்வு இரட்டை அடுக்கு என்று முடிவு கட்டினார்கள். சரியான முடிவு. ஆனால் அசிட்டோன் எல்லா லிப்பிட்டையும் எடுக்கவில்லை, அவர்கள் கணக்கிட்ட செல் பரப்பும் குறைவு. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட்டன. இப்படி ஒரு அதிர்ஷ்டம் எல்லோருக்கும் அடிக்காது. பீட்டர் ஏக்ரே கதை வேறு. சிவப்பணுவில், ரத்த வகையின் பாசிட்டிவ், நெகட்டிவைத் தீர்மானிக்கிற ஆர்எச் புரதத்தைத் தேடியவருக்கு 28 கிலோடால்டன் எடையில் அழையாத விருந்தாளியாக ஒரு புரதம் கூடவே வந்தது. அவர் அதை விடாமல் துரத்தினார். 1992ல் அந்தப் புரதம் தவளை முட்டைச் செல்களில் உண்டாகும்படி செய்து தண்ணீரில் போட்டார்கள், செல்கள் ஊதி வெடித்தன. சவ்வில் தண்ணீர் போவதற்கென்றே இருக்கிற வாய்க்கால் அது. 2003ல் அதற்காக நோபல். அவருக்கு வந்த அழுக்கு அக்வாபோரின், எனக்கு வந்தது குழாய் வழுக்க வைக்கிற மசகு.

ஆய்வகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதனால் என்ன? மஞ்சளில் இருக்கிற குர்குமின், திராட்சையில் இருக்கிற ரெஸ்வெரட்ரால் மாதிரி தாவரப் பொருள்கள் டஜன் கணக்கான புரதங்களின் வேலையை மாற்றுவதாகச் செய்தி வருகிறதே, அங்கே இதே சவ்வு நுழைகிறது. 2014ல் வந்த ஓர் ஆய்வில் இந்த இரண்டையும், கூடவே மிளகாயின் காப்சைசின், சோயாவின் ஜெனிஸ்டீன் போன்றவற்றையும் சோதித்தார்கள். இவை சவ்வில் புகுந்து அதன் இயல்பையே மாற்றிவிடுகின்றன, அதே அளவுகளில் அந்தச் சவ்வில் இருக்கிற ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத புரதங்களின் நடத்தையும் மாறுகிறது என்று தெரிந்தது. தனித்தனியாக ஒவ்வொரு புரதத்தையும் பிடிக்க வேண்டியதே இல்லை. ஒரு பொருள் பத்து புரதங்களில் வேலை செய்கிறது என்று படித்தால் எனக்கு இப்போதெல்லாம் வியப்பு வருவதில்லை, சவ்வைத் தனியாகச் சோதித்தார்களா என்றுதான் தேடுவேன். பெரும்பாலும் அந்த வரி இருக்காது.

இப்போது எங்கள் ஆய்வகத்தில் குளோரோஃபார்ம் தொடுகிற எதுவும் கண்ணாடி, உலோகம் அல்லது டெஃப்ளான்தான். பிளாஸ்டிக் முனை மாட்டிய பிப்பெட்டுக்குப் பதில் கண்ணாடி சிரிஞ்சு. குப்பியை மூடும் முன் ஆர்கான் ஊதுகிறோம், இல்லாவிட்டால் இரட்டைப் பிணைப்பு உள்ள லிப்பிட்டுகள் காற்றுப் பட்டுக் காறிப்போகும், அந்தக் காறலும் சவ்வைக் கெடுக்கும். ஒவ்வொரு வரிசைச் சோதனையிலும் புரதம் இல்லாத குழாய் அன்றைக்கே, அதே குப்பியிலிருந்து, அதே கையால் ஓட வேண்டும். போன வாரத்து வரைபடத்தைக் கொண்டுவந்தால் நான் பார்க்க மாட்டேன். மாணவர்கள் முணுமுணுக்கிறார்கள், ஓர் ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் ஆகிறதே என்று. ஆகட்டும்.

கட்டுரையைக் கிழித்துப் போட்டாலும் சுவரொட்டியைத் திரும்ப வாங்க முடியாதல்லவா. மாநாட்டில் என்னிடம் அந்தத் தரவைக் கேட்டு வாங்கிக்கொண்டவர்கள் நான்கு பேர். நால்வருக்கும் நடந்ததை அப்படியே எழுதி, இரண்டு வரைபடங்களையும் இணைத்து அனுப்பினேன். இரண்டு பேரிடமிருந்து பதிலே இல்லை. ஒருவர் நன்றி என்று ஒற்றை வரி எழுதினார். நாலாவது ஆள் மூன்று வாரம் கழித்து ஒரு வரைபடத்தை அனுப்பினார், அவர்களுடைய வெறும் குழாயை முதல் தடவையாக அன்றைக்குத்தான் ஓட்டிப் பார்த்தார்களாம். அதிலும் 35 டிகிரியில் மேடு இல்லை.