இரண்டு ‘வேண்டும்’கள்

‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்கிறோம். ‘உண்மை பேச வேண்டும்’ என்றும் சொல்கிறோம். முதலாவது ஆசை, இரண்டாவது கடமை. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். அறக் கேள்விகளுக்கு அறிவியல் விடை சொல்லுமா என்ற வாதத்தில் பாதிக் குழப்பம் இந்த இரண்டும் கலந்துவிடுவதால்தான் வருகிறது.

முதல் ‘வேண்டும்’ அளவுகோலுக்குள் வரும். தானியங்கி காரால் விபத்தைத் தவிர்க்கவே முடியாத நிலையில் யாரைக் காப்பாற்றுவது என்று இணையத்தில் கேட்டு, 233 நாடுகள், ஆட்சிப்பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 4 கோடி முடிவுகளைத் திரட்டிய ஆய்வு 2018இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. முதியவரைவிட இளையவரைக் காப்பாற்றவே பெரும்பாலோர் விரும்பினார்கள். அந்த விருப்பத்தின் வலு பகுதிக்குப் பகுதி மாறியது. அருமையான சமூக அறிவியல். ஆனால் பலர் விரும்புவதாலேயே ஒன்று சரியாகிவிடுமா? ‘இருக்கிறது’ என்று பேசிக்கொண்டே வந்தவர்கள் சத்தமில்லாமல் ‘வேண்டும்’ என்பதற்குத் தாவிவிடுகிறார்கள், அந்தத் தாவலுக்குக் காரணம் சொல்லுங்கள் என்று 18ஆம் நூற்றாண்டிலேயே கேட்டார் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம்.

அதற்காக, அறத்தில் அறிவியலுக்கு வேலையே இல்லை என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நம் தீர்ப்புகள் பலவற்றின் அடியில் ஒரு தகவல் ஒளிந்திருக்கிறது. ‘அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்’ என்ற பழமொழியையே எடுத்துக்கொள்ளுங்கள். அடித்தால் பிள்ளை திருந்தும் என்பது அதற்குள் இருக்கும் தகவல்; அதைச் சோதிக்கலாம். 1,60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய 75 ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான பகுப்பாய்வில், கையால் அடிப்பது எந்த நல்ல விளைவோடும் தொடர்புபடவில்லை; முரட்டுத்தனம், மனநலக் குறைவு போன்றவற்றோடுதான் தொடர்புபட்டது. எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது இத்தகைய ஆய்வுகளில் கடினம். ஆனாலும் ‘அவன் நல்லதுக்குத்தான் அடிக்கிறேன்’ என்பவர் இனி சான்று காட்டியாக வேண்டும். ஒருவேளை அடி பலன் தந்திருந்தால்? அப்போதும் ஒரு குழந்தையை அடிக்கலாமா என்ற கேள்வி அப்படியே நிற்கும். அதை எந்தப் பகுப்பாய்வும் தீர்த்து வைக்காது.

தகவலும் அறமும் பின்னிக்கிடக்கும் ஓர் இடத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். கொடையாகக் கிடைத்தது ஒரே ஒரு சிறுநீரகம். காத்திருப்பவர்கள் இருவர்: 30 வயதுக்காரர் சில மாதங்களாக டயாலிசிஸில் இருக்கிறார், 62 வயதுக்காரர் ஆறு ஆண்டுகளாக. யாருக்குக் கொடுப்பது? அமெரிக்காவில் 2014 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த விதி, வயது, டயாலிசிஸில் கழித்த காலம், நீரிழிவு, முன்பே உறுப்பு மாற்று நடந்திருக்கிறதா ஆகிய நான்கை வைத்து, சிகிச்சைக்குப் பின் ஒருவர் எவ்வளவு காலம் வாழக்கூடும் என்று மதிப்பிடுகிறது. அதில் முதல் 20 சதவீதத்துக்குள் வருபவர்களுக்கு, நீண்ட நாள் உழைக்கக்கூடிய முதல் 20 சதவீதச் சிறுநீரகங்களில் முன்னுரிமை.

மதிப்பீடு அறிவியல்தான். ஆனால் 20 என்ற கோட்டை எந்தத் தரவும் கிழிக்கவில்லை. ஒவ்வொரு உறுப்பிலிருந்தும் கிடைக்கும் ஆயுளைக் கூட்டுவதா, நெடுநாள் காத்திருந்தவரை மதிப்பதா என்று மனிதர்கள் பேசிப் பேசி எட்டிய சமரசம் அது. அந்த 62 வயதுக்காரரின் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய காரணம் நம்மிடம் இருந்தாக வேண்டும். ‘கணக்கு அப்படி வருகிறது’ என்று அவரிடம் சொல்வது, நாம் எடுத்த முடிவை எண்களின் பின்னால் ஒளித்துவைப்பதாகும்.

அதே அமெரிக்காவின் சிறுநீரகக் காத்திருப்புப் பட்டியலில் எண்ணே பிழையாக இருந்ததும் உண்டு. ரத்தத்திலுள்ள கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவைக் கொண்டு சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணிக்கும் 2009ஆம் ஆண்டுச் சூத்திரம், அதே ரத்த அளவுக்குக் கறுப்பின நோயாளிகளின் திறனை ஏறத்தாழ 16 சதவீதம் கூட்டிக் காட்டியது. அதனால், திறன் போதிய அளவு குறைந்து காத்திருப்புப் பட்டியலில் நாள் எண்ணத் தொடங்கும் நிலையை அவர்கள் தாமதமாகவே எட்டினார்கள். 2021இல் இனக் காரணி இல்லாத சூத்திரம் பரிந்துரைக்கப்பட்டது. பிழையை அளவீடுகள் காட்டின; இழந்த காலத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும் என்பதை மனிதர்கள் முடிவு செய்தார்கள். 2023 ஜனவரி முதல், உறுப்பு மாற்று மையங்கள் அந்த நோயாளிகளின் பழைய பரிசோதனைத் தாள்களைப் புரட்டி, காத்திருப்பு தொடங்கிய தேதியைப் பின்னோக்கித் திருத்தத் தொடங்கின.