ஆறு பேர், ஒரு ரூட்டர், வெட்டுக்கல் சுவர்

கேரளத்தின் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் நாங்கள் குடியிருப்பது பழைய வெட்டுக்கல் (செம்புறாங்கல்) வீடு. வாளையார் தாண்டி, தொழிற்பேட்டைக்கு நடந்தே போகும் தூரம். ஆறு பேர், நான்கு அறை, மூன்று ஷிஃப்ட். எல்லாரும் கோவை, பொள்ளாச்சி, தேனிப் பக்கத்து ஆட்கள். ஐந்து பேருக்கு ஃபேக்டரி வேலை. எனக்கு மட்டும் வீட்டிலிருந்தே லேப்டாப்பில். வாடகை, கேஸ், அரிசி எல்லாவற்றையும் பங்கு போடுவது போல வைஃபையையும் பங்கு போட்டோம். மற்ற எதிலும் வராத சண்டை இதில் வந்தது.

நெட் சண்டைக்கு எல்லாரும் முதலில் செய்வதையே நாங்களும் செய்தோம். பிளானை நொடிக்கு 100 மெகாபிட்டிலிருந்து 300-க்கு ஏற்றினோம். ஆளுக்குக் கொஞ்சம் காசு கூடியது, வேறொன்றும் மாறவில்லை. "ஏண்ணா, முந்நூறு போட்டும் வட்டம் சுத்திக்கிட்டேதான இருக்குது?" என்று கேட்டான் பின்னறைப் பொள்ளாச்சித் தம்பி. ரூட்டர் பக்கத்தில் நின்று பார்த்தால் 300-ஐ ஒட்டிக் காட்டுகிறது. அவன் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தால் நான்கோ ஐந்தோ.

ரெண்டுமே உண்மைதான். தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் ஃபைபர் ஒரு வழி. ரூட்டரிலிருந்து கைபேசிக்குப் போகும் காற்று இன்னொரு வழி. நாங்கள் காசு கொடுத்து அகலமாக்கியது முதல் வழியை. நெரிசல் இரண்டாவதில்.

ஃபைபரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை. அதில் 1490 நானோமீட்டர் ஒளியில் தகவல் வருகிறது, 1310 நானோமீட்டர் ஒளியில் போகிறது. ஆடிக் காற்றில், பாலக்காட்டுக் கணவாய் ஊளையிடும்போது, அந்தக் கேபிள் கம்பத்துக்குக் கம்பம் ஊஞ்சலாடும். பார்க்கத்தான் பயமாக இருக்குமே தவிர, கூர்மையாக மடங்காத வரை ஒளிக்கு ஒன்றும் ஆகாது.

காற்றுதான் விஷயமே. ஒரு வைஃபை சேனலில், அதாவது ஒரே அலைவரிசைத் துண்டில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ரூட்டர் பேசினால் கைபேசிகள் சும்மா இருக்க வேண்டும். ஒரு கைபேசி பேசினால் ரூட்டர் உட்பட மற்ற எல்லாரும். இருவர் ஒன்றாகப் பேசினால் இரண்டும் குழம்பிப் போகும். இந்தச் சிக்கலுக்கு வயது ஐம்பதுக்கு மேல். 1971-ல் நார்மன் ஆப்ரம்சனின் குழு ஹவாய்த் தீவுகளில் இருந்த முனையங்களைப் பல்கலைக்கழகக் கணினியோடு ரேடியோ வழியாக இணைத்தது. அலோஹாநெட் என்று பெயர். யாருக்குத் தோன்றுகிறதோ அவர் பேசலாம்; மோதிவிட்டால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பேசலாம். விதி அவ்வளவுதான். கணக்குப் போட்டால் இந்த முறையில் மொத்த நேரத்தில் 18 சதவீதத்துக்கு மேல் உருப்படியாகப் பயன்படாது.

1997-ல் வந்த வைஃபை தரநிலை இதோடு ஒரு நல்ல பழக்கத்தைச் சேர்த்தது: பேசுமுன் காது கொடு. காற்று அமைதியாக இருந்தால் சீட்டுக் குலுக்கியது போல ஒரு சின்ன நேரம் காத்திரு, அப்புறம் பேசு. எதிர்ப்பக்கத்திலிருந்து 'கிடைத்தது' என்று பதில் வராவிட்டால் முதலிலிருந்து தொடங்கு. இத்தனை காத்திருப்பும் வேகத்தில்தான் கழியும். பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண் கைக்கு வராததற்கு இது ஒரு காரணம்.

எங்கள் வீட்டில் இன்னொரு கூத்தும் உண்டு. முன்னறைக் கைபேசிக்கும் பின்னறைக் கைபேசிக்கும் நடுவே மூன்று சுவர். ரூட்டருக்கு இரண்டின் குரலும் கேட்கும். ஆனால் ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்காது. இரண்டும் காது கொடுத்துப் பார்த்து, அமைதி என்று நம்பி ஒரே நேரத்தில் பேசும், ரூட்டரில் போய் மோதிக்கொள்ளும்.

இதைவிட முக்கியமானது பேச்சின் வேகம். எதிரே இருப்பவரிடம் கடகடவென்று பேசலாம். வயலுக்கு அக்கரையில் நிற்பவரிடம் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தித்தான் கத்த வேண்டும். வைஃபையும் அப்படித்தான். சிக்னல் பலமாக இருந்தால் ஒரே துடிப்பில் நிறைய பிட்களைத் திணிக்கும். பலவீனமானால் குறைத்துக்கொண்டே வந்து நொடிக்கு 6 மெகாபிட் வரை இறங்கும். ஒரு பைட் எட்டு பிட்; 10 மெகாபைட் வீடியோ என்றால் 80 மெகாபிட். ரூட்டர் பக்கத்துக் கைபேசி 300-ல் பேசினால் அது கால் நொடி வேலை. பின்னறைக் கைபேசி 6-ல் பேசினால் 13 நொடி. அந்த 13 நொடியும் காற்று அவனுடையது. பழைய, மலிவான ரூட்டர்கள் எல்லாருக்கும் சமமாக முறை கொடுக்குமே தவிர, சமமாக நேரம் கொடுக்காது. அதனால் ஒருவன் மெதுவாகப் பேசினால் மொத்த வீடும் அவன் வேகத்துக்கு இறங்கும். பின்னறைத் தம்பி ரீல்ஸ் பார்த்தால் முன்னறையில் என் மீட்டிங் நின்றது இப்படித்தான். அவனைத் திட்டியதற்குப் பிறகு மன்னிப்புக் கேட்டேன். தப்பு அவன் மீது இல்லை, சுவர் மீது.

சுவர் கதைக்கு வருவோம். ரூட்டர் எங்கே இருந்தது? வாசல் கதவுக்கு மேலே. கேபிள் அந்த வழியாக உள்ளே வந்தது, மாட்ட வந்தவர் அங்கேயே ஆணி அடித்துவிட்டார். அங்கிருந்து பின்னறைக்கு மூன்று வெட்டுக்கல் சுவர், போதாக்குறைக்கு ஒரு இரும்பு பீரோ. பீரோ அலையைத் திருப்பி அடிக்கும்; சுவர் விழுங்கும். சிக்னல் கணக்கில் 3 டெசிபல் போனால் பாதி போனது, 10 போனால் பத்தில் ஒன்றுதான் மிச்சம். ஒரு சுவருக்குப் பத்து என்று வைத்தால் மூன்றாவது சுவருக்குப் பின்னால் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனாலும் கைபேசி வேலை செய்கிறதே என்றால், அதன் காது அவ்வளவு கூர்மை. நல்ல சிக்னல் என்று நாம் சொல்லும் மைனஸ் 60 டிபிஎம் (சிக்னல் பலத்தை அளக்கும் அலகு) என்பதே ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்குதான்.

வெட்டுக்கல் ஓட்டை ஓட்டையான கல். பூசாத சுவரில் மழை பிடித்தால் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் ரேடியோ அலையை உறிஞ்சும். மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதால் அதுதான் தண்ணீருக்கே உரிய அலைவரிசை என்று ஒரு கதை உண்டு, அது சரியில்லை. தண்ணீரின் உறிஞ்சல் உச்சம் 20 கிகாஹெர்ட்ஸ் அருகே. எங்கள் வைஃபை பேசுவது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு பட்டைகளில். அதனால் ஈரச்சுவர் 2.4-ஐ விட 5 கிகாஹெர்ட்ஸை அதிகம் தின்னும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை பிடித்த வாரத்தில் பின்னறையில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரே பட்டியலிலிருந்து காணாமல் போனது.

அப்படியானால் 2.4-லேயே இருந்துவிடலாமா? அந்தப் பட்டை குறுகலானது. சேனல் எண் 1 முதல் 13 வரை இருந்தாலும், ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை 1, 6, 11 மூன்றே. பக்கத்து வீடுகளெல்லாம் 1-லும் 6-லும் இருப்பதைப் பார்த்து, ஆளில்லாத 3-ஐப் பிடித்தார் எங்கள் தேனி அண்ணன். நிலைமை மோசமானது. அதே சேனலில் இருந்தால் பக்கத்து வீட்டு ரூட்டரோடு முறை வைத்துப் பேசலாம். பாதி ஏறிய சேனலில் அதன் பேச்சு வெறும் இரைச்சல். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். இந்தியாவில் 2.4 பட்டைக்கு 2005-லேயே உரிமம் தேவையில்லை என்றானது. 5-ல் 2018-ல் இன்னும் அதிக இடம் திறந்தது.

ஒரு ரிப்பீட்டர் வாங்கிப் பின்னறையில் செருகியதும் எங்கள் தவறுகளில் ஒன்று. கேட்டதைத் திரும்பச் சொல்வதுதான் அதன் வேலை. ஒரே சேனலில் ஒரே விஷயத்தை இரண்டு முறை சொன்னால் காற்று இரட்டிப்பாகச் செலவாகும், வேகம் பாதியாகும். சிக்னல் இல்லாத அறையில் வைத்தால் அதற்கே சரியாகக் கேட்காது.

கடைசியில் தீர்த்தது 20 மீட்டர் லேன் கேபிள். 100 மீட்டர் வரை நொடிக்கு ஒரு கிகாபிட் கொண்டுபோகும். சுவரும் மழையும் அதற்குப் பொருட்டில்லை. வீட்டுக்காரச் சேச்சியிடம் கேட்டுவிட்டு உத்தரத்தை ஒட்டி ஓட்டி, பின்பக்க நடையில் ஒரு பழைய ரூட்டரை வைத்தோம். அதில் டி.எச்.சி.பி.யை (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வேலையை) நிறுத்திவிட்டு, முதல் ரூட்டரோடு மோதாத ஐபி முகவரி (நெட்டில் அந்தக் கருவியின் எண்) கொடுத்து, கேபிளை லேன் துளையில் செருக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு ரூட்டரும் போட்டி போட்டுக்கொண்டு ஆளுக்கொரு முகவரி கொடுக்கும். பெயரும் பாஸ்வேர்டும் முன்னறை ரூட்டருக்கு உள்ளதே, சேனல் மட்டும் வேறு. டிவியையும் என் லேப்டாப்பையும் கேபிளுக்கு மாற்றினோம். நகராத பொருளுக்குக் காற்றை ஏன் செலவழிக்க வேண்டும்?

அப்புறமும் இரவு பத்து மணிக்கு ஒரு இழுவை மிச்சம் இருந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் கைபேசியைச் சார்ஜில் போடுவார்கள்; அன்றைய போட்டோவும் வீடியோவும் தானாக மேலே ஏறத் தொடங்கும். எங்கள் பிளானில் அனுப்பும் வழி நொடிக்கு 20 மெகாபிட்தான். ரூட்டர் எதையும் தூக்கி எறிய மனமில்லாமல் 4 மெகாபைட் வரை வரிசையில் நிறுத்தி வைத்தால், அது தீர ஒன்றரை நொடிக்கு மேல். பின்னால் வரும் என் குரலும் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும். பேச்சு இயல்பாக இருக்க 150 மில்லிநொடிக்கு மேல் தாமதம் கூடாது. 2017-ல் ஜிஎஸ்டி வருமுன் வாளையார்ச் சோதனைச்சாவடியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். லாரி நிறுத்த இடத்தைப் பெரிதாக்கினால் சாவடி வேகமாக நகராது, வரிசைதான் நீளும்.

இந்த நோய்க்கு பஃபர்புளோட் என்று பெயர் வைத்தவர் ஜிம் கெட்டிஸ். 2012-ல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற மருந்தைக் கொடுத்தார்கள்: வரிசையின் நீளத்தைப் பார்க்காதே, அதில் ஒரு தகவல் பொட்டலம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார், அதிகமானால் ஒன்றிரண்டைத் தூக்கி எறி, அனுப்புகிறவன் தானே வேகத்தைக் குறைப்பான். இதையே ஒவ்வொருவருக்கும் தனி வரிசையாகச் செய்யும் வடிவமும் உண்டு. இந்த வசதி உள்ள ரூட்டரில் அனுப்பும் வேகத்தைப் பிளானைவிடச் சற்றுக் குறைவாகக் கட்டிவைத்தால் போதும். நெரிசல் நம் கட்டுப்பாட்டுக்குள் வரும். எங்களுடையதில் உள்ளது. 20-ஐ 18 ஆக்கினோம், பத்து மணி இழுவை போயிற்று.

போன மாதம் காற்றில் ஒரு மரம் சாய்ந்து தெருவே இருட்டானது. ஃபைபரில் ஒரு வசதி: கம்பத்தில் ஒளியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிக்கு மின்சாரமே வேண்டாம், அது வெறும் கண்ணாடி. நிலையத்தில் மின்சாரமும் நம் வீட்டில் ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸும் இருந்தால் போதும். எங்கள் ரூட்டரின் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டுச் சேச்சி கைபேசியோடு வந்து சிட்அவுட்டில் உட்கார்ந்தார். "மோனே, பாஸ்வேர்டு எந்தா?" கெஸ்ட் பாஸ்வேர்டைச் சொன்னோம். தம்பி மட்டும் என் காதருகே வந்து, "அண்ணா, அங்கிருந்து ரூட்டருக்கு எத்தனை சுவர்?" என்றான். ஒன்றுகூட இல்லை, ஜன்னல் திறந்துதான் இருந்தது.