பாளையங்கோட்டையில் வீட்டை இடிக்கும் முன்னால் கூரை ஓடு ஒன்றைத் திருப்பிப் பாருங்கள்

ஐப்பசி மழை நெருங்கினால் எனக்கு ஒரே மாதிரி போன் வர ஆரம்பித்துவிடும். "சார், தாத்தா காலத்து வீடு, சுவரெல்லாம் பொரிஞ்சு கொட்டுது, இடிச்சிரலாமா?" கேட்கிறவர் இடிப்பது என்று ஏற்கெனவே முடிவு செய்திருப்பார். ஒரு இன்ஜினியர் வாயால் 'ஆமாம்' வந்துவிட்டால் கூடப்பிறந்தவர்களிடம் பேச வசதி, அவ்வளவுதான். பாளையங்கோட்டையிலும் மேலப்பாளையத்திலும் பழைய கட்டடங்களைப் பார்த்து உறுதி எப்படி என்று சொல்வது என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலானவை வயதாகி விழவில்லை, கடந்த முப்பது நாற்பது வருஷமாக நாம் அவற்றுக்குப் பார்த்த வைத்தியத்தில்தான் விழுகின்றன. யார் கட்டினார்கள், எந்தக் காலத்தில், என்ன தொழில் செய்ய என்று தெரியாமல் ஒரு வீட்டுக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கவும் முடியாது. அதனால் முதலில் கொஞ்சம் ஊர்க்கதை.

பாளையங்கோட்டை பெயருக்கேற்றபடி கோட்டை ஊர்தான். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பிப்போனது இந்தக் கோட்டையிலிருந்துதான். கும்பினிப் பட்டாளம் இருந்த இடம் என்பதால் சிப்பாய், அவனுக்குத் துணி தைப்பவன், மாட்டுக்குப் புல் போடுபவன், கணக்கு எழுதுபவன் என்று பல பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆங்கில அதிகாரியோடு வந்த மராட்டியப் பிராமண விதவை ஒருவர் 1778-இல் ஞானஸ்நானம் பெற்று குளோரிந்தா ஆனார். கோட்டைக்குள்ளே அவர் கட்டிய சிறிய ஆலயத்தை 1785-இல் ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் பிரதிஷ்டை செய்தார். ஊர்க்காரர்கள் இன்றைக்கும் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். 1820-இல் ரேனியஸ் என்ற மிஷனரி வந்தார், 1826-இல் பெரிய ஆலயம் எழுந்தது, 1845-இல் அதன் மேல் கோபுரம் ஏறி ஊசிக்கோபுரம் என்று பெயர் வாங்கியது. கோட்டைச் சுவர் போய்விட்டது. மிச்சமிருக்கும் ஒரு வாசலின் மேல் போலீஸ் ஸ்டேஷன் வைத்து, அது மேடைப் போலீஸ் ஸ்டேஷன் ஆனது. மிலிட்டரி லைன் என்ற தெருப்பெயரும் தங்கிவிட்டது.

பட்டாளம் போன இடத்தைப் பள்ளிக்கூடங்கள் பிடித்துக்கொண்டன. 1878-இல் ஜான்ஸ் கல்லூரி, 1880-இல் சேவியர் பள்ளி, 1895-இல் சாராள் தக்கர் கல்லூரி, 1923-இல் சேவியர் கல்லூரி, ரொம்பப் பிற்பாடு 1971-இல் சதக்கத்துல்லா அப்பா கல்லூரி. இடையில் 1843-இல் கொக்கிரகுளத்தில் ஆற்றுக்குக் குறுக்கே சுலோசன முதலியார் தன் செலவில் கட்டிக் கொடுத்த 11 வளைவுப் பாலம் வந்தது. அதற்கு முன்னால் திருநெல்வேலி டவுனுக்கும் பாளைக்கும் நடுவே தாமிரபரணியைப் படகில்தான் தாண்ட வேண்டும். பாலம் வந்ததும் வாத்தியார், குமாஸ்தா, வக்கீல் என்று ஊரே மாறியது. அவர்களுக்கு வாடகை வீடு வேண்டுமே, அதற்காக வளவுகள் முளைத்தன. ஒரே வாசல், ஒரே கிணறு, எதிரெதிரே எட்டு வீடு, பத்து வீடு.

இதையெல்லாம் 'மத நல்லிணக்கம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவது சோம்பேறித்தனம். தசராவுக்கு ஆயிரத்தம்மன், பேராத்துச்செல்வி, முப்பிடாதி என்று 12 அம்மன் சப்பரங்கள் வரும் ஊர்தான் இது, அதே ஊரில் கிறிஸ்துமஸுக்கு ஊசிக்கோபுரத்தைப் பார்க்க எல்லாரும் போவார்கள், அதுவும் நிஜம்தான். ஆனால் தெரு தெருவாகப் பிரிந்துதான் இருந்தார்கள். யார் எந்தக் கிணற்றில் இறைக்கலாம், யார் எந்தத் திண்ணை வரை வரலாம் என்பதற்குக் கணக்கு இருந்தது. ரேனியஸ் நடத்திய பள்ளியிலேயே எல்லாச் சாதிப் பையன்களும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றதற்குப் பெரிய தகராறு நடந்திருக்கிறது. அந்தப் பிரிவினை வீட்டின் அமைப்பிலும் இருக்கிறது. நல்லதோ கெட்டதோ, சுவர் அதை மறைக்காது.

கோபாலசாமி கோயில் பக்கத்துத் தெரு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் கம்மி, நீளம் அதிகம், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய பொதுச்சுவர். திண்ணை, நடை, பட்டாசல் (கூடம்), வானவெளி (கூரையில்லாத முற்றம்), அடுக்களை, புறவாசல் என்று ரயில்பெட்டி போலப் போகும். பக்கவாட்டில் ஜன்னலே கிடையாது என்பதால் வெளிச்சம், காற்று, ஈரம் வெளியேறுவது எல்லாமே வானவெளி வழியாகத்தான். இப்போது குரங்குத் தொல்லை, தூசி, திருட்டுப் பயம் என்று அதன் மேல் பிளாஸ்டிக் தகடு போட்டு அடைத்துவிடுகிறார்கள். இரண்டு மழைக்காலம் போனால் போதும், பட்டாசல் உத்தரத்தின் தலைப்பு, அதாவது சுவருக்குள் புதைந்திருக்கும் முனை, மெத்தென்று ஆகிவிடும். ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தால் பிஸ்கெட் மாதிரி உதிரும். வெளியே தெரியும் பாகம் மட்டும் தேக்கு பளபளப்பு குறையாமல் இருக்கும். வீட்டுக்காரர் அதைத் தட்டிக் காட்டி "பர்மா தேக்கு சார்" என்பார்.

மிஷன் பங்களாக்கள் வேறு சாதி. உயரமான அடித்தளம், சுற்றிலும் வராந்தா, பதினாலு பதினைந்து அடி உயரக் கூரை, அதன் அடியில் காற்றுப் போக ஜன்னல். பாளையங்கோட்டை வெயிலில் மின்விசிறி இல்லாத காலத்தில் குடியிருக்கக் கட்டியது. அந்த வராந்தாவை அடைத்து ரூம் ஆக்குவதும், தாழ்வாக ஃபால்ஸ் சீலிங் போட்டு ஏசி வைப்பதும்தான் இன்றைய வழக்கம். மறைந்துபோன கூரையில் கரையான் ஏறுவதை யாரும் பார்ப்பதில்லை.

மேலப்பாளையம் எனக்குப் பிடித்த இடம், ஏனென்றால் அங்கே வீட்டின் கோளாறைத் தொழில்தான் காட்டிக்கொடுக்கும். ஒரு வீட்டில் முன்னறையில் மட்டும் டைல்ஸ் உள்வாங்கிக்கொண்டே இருந்தது. மூன்று கொத்தனார்கள் மூன்று தடவை மாற்றிப் போட்டும் சரியாகவில்லை, பக்கத்தில் பாளையங்கால்வாய் ஓடுவதால் மண் அரிக்கிறது என்று ஒருவர் பயமுறுத்தியும் விட்டார். நான் பள்ளத்தை அளந்தேன். ஒரு ஆள் காலைத் தொங்கப்போட்டு உட்காருகிற அளவு, சதுரமாக, சுவரோரத்தில். வீட்டிலிருந்த பெரியம்மாவிடம் "இங்க தறி கிடந்துச்சா?" என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆமா தம்பி, எங்க வாப்பா தறி நெய்ஞ்ச குழிலா அது!" தறியை எடுத்தபோது குழியில் குப்பையும் தளர்ந்த மண்ணும் போட்டு மூடி, மேலே தளம் போட்டிருக்கிறார்கள். தோண்டி, சரளையும் மணலும் அடுக்கடுக்காக நனைத்துத் திமிசு போட்டு நிரப்பினோம், பிரச்சினை தீர்ந்தது. கைத்தறி ஊர் என்ற ஒரு விஷயம் தெரியாததால் அந்தக் குடும்பம் வீட்டை விற்கவே யோசித்துக்கொண்டிருந்தது.

அதே பகுதியில் சில வீடுகளில் சுவரில் கதவு வடிவத்திலேயே விரிசல் விழும். பெண்கள் தெருவுக்கு வராமல் அடுத்த வீட்டுச் சொந்தக்காரர்களிடம் போக வைத்திருந்த வாசல் அது. சொந்தம் விற்றுப் போனதும் செங்கல் வைத்து அடைத்திருப்பார்கள். பழைய சுண்ணாம்புச் சுவருக்கும் புதிய சிமெண்ட் அடைப்புக்கும் ஒட்டாது. இந்த விரிசலுக்கு வீடு இடிய வேண்டியதில்லை.

சரி, தலைப்பில் சொன்ன ஓடு. பழைய வீட்டின் வயதைக் கண்டுபிடிக்கப் பத்திரத்தை விட ஓடு உதவும். குயவர் செய்த நாட்டு ஓடு என்றால் ஒரு காலம். சீமை ஓடு, அதாவது மங்களூர் ஓடு என்றால் அடுத்த காலம். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865, திருநெல்வேலிக்கு ரயில் வந்தது 1876, அதற்குப் பிறகுதான் அந்த மாதிரி ஓடு இங்கே தாராளமாகப் புழங்கியிருக்க முடியும். ஓட்டைத் திருப்பினால் முதுகில் கம்பெனிப் பெயர் அச்சாகியிருக்கும். ஜெர்மன் பாதிரிமார் தொடங்கிய தொழில், அதே அச்சு ஓடு கோயில் தெருவிலும் கூரையேறியது, பள்ளிவாசல் தெருவிலும் ஏறியது. நாயக்கர் வீடு, ராவுத்தர் வீடு என்றெல்லாம் ஓடு பார்க்கவில்லை.

ஓடு சொல்லும் வயது எனக்கு ஏன் முக்கியம் என்றால், அதை வைத்துத்தான் சுவர் சுண்ணாம்பா சிமெண்டா என்று முதல் ஊகம் வரும். தாழையூத்தில் சிமெண்ட் ஆலை 1949-இல் வந்தது. அதற்கு முன்னால் கட்டிய நம்மூர் வீடு அநேகமாகச் செங்கல், சுண்ணாம்புச் சாந்து, காரைப்பூச்சுதான். சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறவைத்து, மணலோடு செக்கில் ஆட்டி, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டிப் பாகும் சேர்த்துப் பூசியது. மேலே ஓடு இல்லாமல் மட்டப்பா, அதாவது தட்டையான மொட்டைமாடித் தளம் என்றால் தேக்குக் கட்டைகளை அடுக்கி, அதன் மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக, மூலைவாட்டில் குத்தி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கியது.

இந்தச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அது கெடுதல் இல்லை, ஏனென்றால் காரைப்பூச்சு வழியாக அந்த ஈரம் வெயிலில் ஆவியாகிவிடும். சிக்கல் எப்போது வருகிறது? அடியில் ஓரடி பொரிந்திருக்கிறது என்று கொத்தனாரைக் கூப்பிடுகிறோம். "அண்ணாச்சி, சிமெண்ட் அடிச்சா கல்லு மாரி நிக்கும்" என்று மூன்றடி உயரத்துக்குப் பூசிவிட்டுப் போகிறார். நிற்கத்தான் செய்யும். ஈரத்துக்கு வெளியே வர வழி இல்லாமல் சிமெண்ட் முடிகிற இடத்துக்கு ஏறும். அடுத்த வருஷம் நாலடியில் உப்பு பூக்கும். மறுபடியும் சிமெண்ட். பிறகு வாட்டர் ப்ரூஃப் பெயிண்ட். பிறகு டைல்ஸ். உள்ளே செங்கல் ஊறி, சாந்து கரைந்து, டைல்ஸுக்குப் பின்னால் சுவர் மண்ணாகப் போயிருக்கும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். நல்ல காரைச் சுவர் கனத்த சத்தம் தரும், சிமெண்ட் பூச்சு பிடிவிட்டிருந்தால் டொப் டொப் என்று காலிப் பானைச் சத்தம்.

இதோடு தெருவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போடுவதால் நாலு படி ஏறிப்போன வீட்டுக்கு இப்போது இரண்டு படி இறங்க வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைப் பக்கம் வீடுகளைப் பார்க்கப் போனபோது வித்தியாசம் கண்கூடாகத் தெரிந்தது. காரைப்பூச்சு மிச்சமிருந்த சுவர்கள் பங்குனி வெயிலுக்குள் உலர்ந்தன. டைல்ஸ் ஒட்டிய சுவர்கள் அடுத்த ஆடியிலும் ஈரமாகவே இருந்தன.

பழையது என்பதற்காக எதையும் காப்பாற்றச் சொல்லும் ஆள் இல்லை நான். 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளிக்கூடக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று பிள்ளைகள் செத்தார்கள். சுவர் என்பது உயிர் விஷயம். உத்தரத்தின் தலைப்பு உளுத்துப்போய் மட்டப்பா நடுவில் தொய்ந்திருந்தால், சுவர் தூக்குக்குண்டுக்கு விலகிச் சாய்ந்திருந்தால், விரிசல் மாதாமாதம் அகலமாகிக்கொண்டிருந்தால், அன்றைக்கே ஆட்களை வெளியேற்றச் சொல்வேன். மாடியில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி இருந்தால் முதலில் அதை இறக்குங்கள். அது ஒரு டன் எடை, அந்தக் காலக் கட்டைகள் அதற்குக் கணக்குப் போட்டு வைத்ததில்லை. ஒழுகுகிறது என்று மேலே மேலே போட்ட தட்டோடு அடுக்குகளும் அப்படித்தான்.

மற்ற வீடுகளுக்குச் செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை, பொறுமைதான் வேண்டும். ஈரக்கோட்டுக்கு மேலே ஒரு மூன்றடி வரை சிமெண்டைக் கொத்தி எடுங்கள். ஒரு கோடை முழுக்கச் சுவரைச் சும்மா விடுங்கள், அசிங்கமாகத்தான் இருக்கும், கல்யாணம் காட்சி இருந்தால் அது முடிந்த பிறகு ஆரம்பியுங்கள். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்து வெளியே கொட்டுங்கள். பிறகு சுண்ணாம்புப் பூச்சு, அதன் மேல் சுண்ணாம்பு வெள்ளைதான், பிளாஸ்டிக் பெயிண்ட் கூடாது. அங்கணக்குழித் தண்ணீர் சுவரோரம் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம் என்பது உண்மை. கோயில் திருப்பணிக்குப் போகிறவர்களிடம் விசாரியுங்கள், அங்கேதான் இன்னும் கை பழகியவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாம் பார்த்து இடிக்கத்தான் வேண்டும் என்று ஆனாலும் பொதுச்சுவரை மறந்துவிடாதீர்கள். உங்கள் பக்கத்து உத்தரம் போல அடுத்த வீட்டு உத்தரமும் அதே சுவரில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஜேசிபி வைத்து ஒரே நாளில் தள்ளினால் அந்த வீட்டுக் கூரையும் சேர்ந்து வரும். கையால், மேலிருந்து கீழே, அடுத்த வீட்டுக்குள் முட்டுக் கொடுத்த பிறகு பிரிக்க வேண்டும். தொடங்குவதற்கு முன் அடுத்த வீட்டின் விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்து, இரண்டு வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.