பத்மா ஆற்றுக்கு அடியில் 120 மீட்டர்

வங்கதேசத்தின் பத்மா பாலத்தைப் பற்றிப் பேசினால் எல்லோரும் அதன் 6.15 கிலோமீட்டர் நீளத்தைச் சொல்வார்கள். என்னைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய சாதனை, ஆற்றுக்குள் புதைந்து கிடக்கும் அதன் கால்கள்தான்.

கங்கையும் பிரம்மபுத்திராவும் ஒன்றாய்க் கலந்து ஓடுகிற ஆறு பத்மா. எவ்வளவு தோண்டினாலும் பாறை தட்டுப்படாது, எல்லாம் வண்டல். அந்த மணலும் நிலையாக இருப்பதில்லை. கடற்கரையில் நிற்கும்போது திரும்பும் அலை நம் குதிகாலுக்கு அடியில் மண்ணைப் பறித்துக்கொண்டு போகுமே, அதுதான் பாலத் தூணடியிலும் நடக்கிறது. தூணில் மோதும் நீர் கீழ்நோக்கித் திரும்பி, சுழன்று, படுகையைக் குடைகிறது. வெள்ளம் வடிந்ததும் அந்தப் பள்ளத்தைப் புது மணல் மூடிவிடும். மேலே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. 100 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தில் 62 மீட்டர் வரை மண் அரிக்கப்படலாம் என்று வைத்துத்தான் பத்மா பாலத்தை வடிவமைத்தார்கள்.

அதற்காக இறக்கியவைதான் 3 மீட்டர் விட்டமுள்ள எஃகுக் குழாய் பைல்கள், அதாவது தூணைத் தாங்க மண்ணுக்குள் அடித்து இறக்கும் கால்கள். ஆழம் சுமார் 120 மீட்டர். பாறை இல்லாத இடத்தில் பைல் எதன்மேல் நிற்கும்? பெரும்பாலும் உராய்வின் பலத்தில்தான். குழாயின் சுவரைச் சுற்றி நெருக்கும் மண், அதைக் கீழே போகவிடாமல் பிடித்துக்கொள்கிறது. மேல் மண் அரித்துப்போனால் அங்கே பிடியும் போய்விடும். மிச்சமுள்ள ஆழம் மொத்த பாரத்தையும் தாங்கியாக வேண்டும்.

இன்னொரு சிக்கல் நிலநடுக்கம். மண் அரித்துப்போன நிலையில் நெட்டுக்குத்தான குழாயைப் பக்கவாட்டில் தள்ளினால் எளிதில் வளையும். அதனால் பைல்களை வெளிப்பக்கம் சாய்த்து, 6 மீட்டர் ஆழத்துக்கு 1 மீட்டர் விலகும்படி அடித்தார்கள். அப்போது பக்கவாட்டுத் தள்ளலில் பெரும்பகுதி, குழாயின் நீளவாக்கில் அழுத்தமாகவும் இழுப்பாகவும் மாறிவிடும். எஃகுக் குழாய் அதை நன்றாகவே தாங்கும்.

அடிக்க வந்தது 2,400 கிலோஜூல் ஹைட்ராலிக் சுத்தியல். ஒரே அடியில் இருக்கும் ஆற்றல், 100 டன் எடையை ஏறக்குறைய இரண்டரை மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதும். அடிக்க அடிக்க மண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் ஏறி, பிடி தளரும், பைல் இறங்கும். அடிப்பதை நிறுத்தினால் நீர் மெல்லக் கசிந்து விலகி, மண் மறுபடி இறுகும். முடிந்த பைலுக்கு இது வரம். ஆனால் அடுத்த குழாய்த் துண்டை வெல்டிங் செய்ய நடுவில் நிறுத்தும்போது இதுவே தொல்லை, ஏனென்றால் இறுகிய பைலை மறுபடி அசைக்கக் கூடுதல் பலம் வேண்டும்.

இத்தனைக்கும் மேல், வேலை நடக்கும்போதே 22 தூண்களின் இடத்தில் ஆழத்தில் களிமண் அடுக்குகள் இருப்பது தெரியவந்தது. களிமண்ணில் நினைத்த அளவு பிடி கிடைக்காது. வடிவமைப்பை மாற்றி, அந்தத் தூண்களுக்கு 6 பைல்களுக்குப் பதில் 7 வைத்தார்கள். ஏழாவது நடுவில், நேராக. சில பைல்களின் வெளிச்சுவரோடு சிறு குழாய்களைப் பொருத்தி, அவற்றின் வழியே சிமெண்ட் பாலை அழுத்திச் செலுத்தினார்கள். அது மண் துகள்களின் இடுக்குகளில் புகுந்து இறுகி, குழாயையும் மண்ணையும் இணைத்துவிட்டது. இந்த மாற்றங்களால் வேலை தாமதமானது. 2022 ஜூன் 25 அன்று பாலம் திறக்கப்பட்டது.