கர்ப்ப காலத்தில் வீட்டு வேலை: எதைச் செய்வது, எதை இறக்கி வைப்பது

"குனிஞ்சு கூட்டு, உட்கார்ந்து தரையைத் துடை, அப்பதான் சுகப்பிரசவம் ஆகும்" என்பார் மாமியார். "ஒரு வேலையும் செய்யாதே, அசையாம படு" என்பார் அம்மா. இருவருமே அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டும் சரியில்லை.

பிரசவம் எப்படி அமையும் என்பது குழந்தையின் எடை, தலை இருக்கும் நிலை, வலி முன்னேறும் விதம், தாயின் உடல்நிலை எனப் பலவற்றைப் பொறுத்தது. தரை துடைப்பது அதற்கு உத்தரவாதம் தராது. சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் சாதாரண வீட்டு வேலையால் கரு கலைவதும் இல்லை. நஞ்சுக்கொடி கீழிறங்கி இருப்பவர்கள், கருப்பை வாயில் தையல் போட்டவர்கள், இந்தக் கர்ப்பத்தில் ரத்தக்கசிவு கண்டவர்கள், முன்பு குறைமாதப் பிரசவம் ஆனவர்கள், ரத்த அழுத்தம் கூடியவர்கள், கடுமையான ரத்தசோகை உள்ளவர்கள் போன்றோர் என்ன வேலை செய்யலாம் என்பதை மருத்துவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்கு ஓர் எளிய அளவுகோல் போதும்: வேலை செய்துகொண்டே மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா? முடிந்தால் அளவு சரி. பேச்சு தடைபட்டால் உட்கார்ந்துவிடுங்கள்.

ஆறாம் மாதத்தில் உங்கள் உடல் பழைய உடல் அல்ல. வயிறு முன்னால் வர வர உடலின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. அதை ஈடுகட்ட இடுப்பு உள்வளைகிறது. ஹார்மோன்களால் மூட்டுகளைப் பிடித்திருக்கும் தசைநார்கள் தளர்கின்றன. ரத்தக் குழாய்களும் விரிந்து தளர்வதால் வெகுநேரம் நின்றாலோ, உட்கார்ந்த இடத்திலிருந்து சட்டென எழுந்தாலோ ரத்தம் காலிலேயே தங்கித் தலை சுற்றுகிறது. ஆக, கவனிக்க வேண்டியவை இரண்டு: பாரமும் வழுக்கலும்.

பாரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பதினைந்து லிட்டர் பிளாஸ்டிக் குடம் நிரம்பினால் பதினைந்து கிலோ. அதை ஒரு பக்க இடுப்பில் வைக்கும்போது ஏற்கெனவே வளைந்திருக்கும் முதுகு இன்னொரு பக்கமும் கோணுகிறது. குழாயடியிலிருந்து தண்ணீர் சுமக்கத்தான் வேண்டும் என்றால் இரண்டு சிறிய வாளிகளில் அரை வாளி வீதம் பிடித்து, இரு கையிலும் சமமாகத் தூக்குங்கள். நடை கூடும், ஆனால் இடுப்பு தப்பும். வீட்டு கேஸ் சிலிண்டரில் வாயு மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் ஏறத்தாழ முப்பது கிலோ. அதை நகர்த்துவதும் உருட்டுவதும் உங்கள் வேலை அல்ல. அரிசி மூட்டையும் அப்படியே. பேறுகாலம் முடியும்வரை இவை கணவருடைய பொறுப்பு என்று வீட்டில் வெளிப்படையாகவே பேசி வைத்துவிடுங்கள்.

கீழே கிடக்கும் சிறு பொருளை எடுக்க இடுப்பை மடக்காதீர்கள். கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி இறங்கி, பொருளை உடம்போடு ஒட்டிப் பிடித்து, மூச்சை விட்டபடி எழுங்கள். தூக்கிய கையோடு உடம்பைத் திருப்பாதீர்கள், பாதத்தைத் திருப்புங்கள். அரிவாள்மனையில் காய் நறுக்கிவிட்டு எழும்போது ஒரு கையைச் சுவரில் ஊன்றி, அரை நிமிடம் நின்று பிறகு நடங்கள்.

கிரைண்டர் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். கல்லும் மாவுமாகப் பாத்திரத்தைத் தூக்காமல், மாவைக் கரண்டியால் வழித்து எடுங்கள். அதற்கு முன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்குங்கள். ஈரக் கையால் கிரைண்டரைத் தொட்டு ஷாக் அடித்தால், உங்களுக்கு ஒன்றும் ஆகாதது போலத் தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்க் குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

துணி காயப்போடக் கையை உயர்த்தினால் குழந்தையின் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றிக்கொள்ளும் என்ற பயம் பலருக்கு உண்டு. அதில் உண்மை இல்லை. கொடி சுற்றுவது குழந்தை உள்ளே புரள்வதால். மொட்டை மாடிப் படியில் ஈரத்துணி வாளியோடு ஏறுவதுதான் ஆபத்து: வயிறு மறைப்பதால் படி தெரியாது, வாளி பிடித்த கையால் கைப்பிடியைப் பற்ற முடியாது. கொடிக்கயிற்றைத் தோள் உயரத்துக்கு இறக்கிக் கட்டுங்கள். வாளியை வேறொருவர் மேலே கொண்டுபோகட்டும்.

குளியலறையிலும் துவைக்கிற கல்லைச் சுற்றியும் படிந்திருக்கும் பாசியும் சோப்புத் தண்ணீரும்தான் பல வீடுகளில் வழுக்கி விழக் காரணம். ரப்பர் மிதியடியும் சுவரில் ஒரு கைப்பிடியும் பெரிய செலவில்லை. நைட்டியின் விளிம்பு கணுக்காலுக்கு மேலே இருக்கட்டும். அடுப்படியில் துப்பட்டாவையும் முந்தானையையும் செருகிக்கொள்ளுங்கள். எட்டாம் மாத வயிறு நீங்கள் நினைப்பதைவிட பர்னருக்குப் பக்கத்தில் இருக்கும்.

ரசாயனங்களில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பிளீச்சிங் பவுடரும் கழிவறை ஆசிடும் ஒன்றாகச் சேரவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது நுரையீரலைத் தாக்கும். "நல்லா வெளுக்கும்" என்று இரண்டையும் கலக்கும் பழக்கம் இன்னமும் இருக்கிறது. கழிவறை கழுவுவதை வேறொருவரிடம் விடுவதே நல்லது. பொங்கலுக்கு வெள்ளையடிப்பது, பழைய பெயின்ட்டைச் சுரண்டுவது, பரண் மேல் ஏறுவது எல்லாம் இந்த ஆண்டு உங்களுக்கு வேண்டாம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி குழந்தையின் மூளை வளர்ச்சிக்குக் கேடு. விறகடுப்புப் புகைக்கும் கொசுவத்திப் புகைக்கும் மூடிய அறையில் உட்கார வேண்டாம். பூனை மலம் கலந்த மண்ணில் கிருமி இருக்கலாம். தோட்ட வேலைக்குக் கையுறை போட்டு, பிறகு சோப்பால் கை கழுவுங்கள்.

பிறக்கப்போகும் குழந்தைக்கென எடுத்து வைக்கும் துணிகளில் அந்துருண்டை போடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதன் நெடியே ரத்த அணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை என்று முன்கூட்டித் தெரியாது. காய்ந்த வேப்பிலை போதும்.

வேலைக்கு நடுவில் வயிறு கல் போல இறுகினால் தண்ணீர் குடித்து இடது பக்கமாகப் படுங்கள். பெரும்பாலும் தணிந்துவிடும். 37 வாரம் முடியாத நிலையில் தணியாமல் சீரான இடைவெளியில் வந்துகொண்டே இருந்தால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ரத்தம் படுதல், நீர் கசிதல், தலைவலியோடு பார்வை மங்குதல், குழந்தையின் அசைவு குறைதல் இவற்றுக்கு எந்த வாரத்திலும் காத்திருக்கக் கூடாது.

வழுக்கி விழுந்துவிட்டால், "அடி படலை, நல்லாத்தான் இருக்கேன்" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். ஐந்து மாதத்துக்கு மேல் வயிற்றில் அடிபட்டால், கருப்பையிலிருந்து நஞ்சுக்கொடி பிரியும் ஆபத்து உண்டு. அது உடனே வெளியே தெரியாமலும் இருக்கலாம். அதனால்தான் வலி இல்லாவிட்டாலும் சில மணி நேரம் குழந்தையின் துடிப்பைக் கண்காணிக்கிறார்கள். உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் உங்கள் உடல் குழந்தையின் ரத்த அணுக்களை எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 72 மணி நேரத்துக்குள் தேவைப்படலாம். ஆகவே 108-ஐ அழைக்கும்போதே, ரத்த வகை எழுதியிருக்கும் தாய் சேய் நல அட்டையையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.