ஹீமோஃபீலியா: இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் இந்த நோய்க்கு ஆளுக்கொரு பெயர். ஆஸ்பத்திரி கார்டில் ஹீமோஃபீலியா என்று எழுதிக் கொடுப்பார்கள், வீட்டுக்கு வந்ததும் அது "ரத்தம் நிக்காத வியாதி" ஆகிவிடும், லயத்தில் இருக்கும் வயதானவர்கள் "ரத்தம் தண்ணியா இருக்கு" என்பார்கள். கடைசியில் சொன்னது சுத்தமாகத் தவறு. இந்த நோயில் இரத்தம் நீர்த்துப் போவதில்லை, அதன் கெட்டியும் நிறமும் எல்லோருக்கும் இருப்பது போலத்தான் இருக்கும். மற்ற இரண்டு பெயர்களிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, கொஞ்சம் பிசகும் இருக்கிறது.

முதலில் ஹீமோஃபீலியா. கிரேக்கத்தில் ஹைமா என்றால் குருதி, ஃபிலியா என்றால் அன்பு, நாட்டம். இரண்டையும் சேர்த்தால் "குருதி நாட்டம்" என்று வருகிறது, நோயோடு ஒட்டவே ஒட்டாத பொருள். 1828இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க் பல்கலைக்கழகத்தில் ஷோன்லைன் என்ற பேராசிரியரின் மாணவர் ஃப்ரீட்ரிக் ஹோப்ஃப் தன் ஆய்வேட்டில் இந்தச் சொல்லைப் போட்டார், அதுவே நிலைத்துவிட்டது. அதற்கு முன்பே, 1803இல், ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கான்ராட் ஓட்டோ என்ற மருத்துவர் சில குடும்பங்களில் ஆண்களுக்கு மட்டும் இரத்தம் நிற்காமல் போவதையும், பெண்கள் நோய்ப்படாமலேயே அதைத் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பதையும் எழுதிவைத்திருந்தார். இரத்தம் எப்படி உறைகிறது என்பது அந்தக் காலத்தில் யாருக்கும் தெளிவாகத் தெரியாது. அதனால்தான் பெயரில் உறைதல் என்ற பேச்சே இல்லை.

தமிழில் பெயர் வைத்தவர்கள் இந்த இடத்தில் நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். கிரேக்கச் சொல்லை அப்படியே பெயர்க்காமல், உடம்பில் நடப்பதைப் பார்த்து "குருதி உறையாமை" என்றார்கள், தமிழ்நாட்டுப் பாடநூல்களில் "இரத்தம் உறையாமை நோய்" என்றும் பார்க்கலாம். குருதி பழைய தமிழ்ச் சொல், சங்கப் பாட்டிலேயே சிவந்த காந்தளைக் குருதிப் பூ என்கிறார்கள். இரத்தம் வடமொழி வழியாக வந்தது. பேச்சில் நாம் எல்லோரும் ரத்தம் என்றுதான் சொல்கிறோம், எழுத்தில் குருதி என்று எழுதினாலும் யாருக்கும் புரியாமல் போகாது, இரண்டில் எதையும் வைத்துக்கொள்ளலாம்.

முக்கியமான சொல் "உறை". பாலுக்கு உறை ஊற்றினால் தயிர் உறையும் என்கிறோமே, அதே உறைதான் இது. ஓடிக்கொண்டிருந்தது கட்டியாகி நிற்பது. கிரேக்கத்தில் இரத்தக் கட்டிக்கு த்ரோம்போஸ் என்ற சொல் இருக்கிறது, அதற்கும் கட்டி, உறைந்த பால் என்ற பொருள்கள் உண்டு. எங்கோ இருந்த இரண்டு மொழிக்காரர்களும் அடுப்படியில் பார்த்ததை வைத்தே காயத்தைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்பாக இருக்கிறது.

சரி, இவ்வளவு நல்ல சொல்லில் எனக்கு என்ன மனக்குறை? அந்த "ஆமை" விகுதிதான். உறையாமை என்றால் உறையவே உறையாது என்று ஆகிவிடுகிறது. உண்மையில் நடப்பது வேறு. காயம் பட்டதும் முதலில் இரத்தத்தட்டுகள் ஓடிவந்து ஓட்டையை அடைக்கும். அந்த வேலை இவர்களுக்கும் ஒழுங்காகவே நடக்கும், அதனால்தான் சின்னக் கீறலில் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அப்புறம் உறைதல் காரணிகள் என்ற புரதங்கள் ஒன்றையொன்று முடுக்கிவிட்டு, கடைசியில் ஃபைப்ரின் என்ற நாரைப் பின்னி அந்த அடைப்பை இறுக்க வேண்டும். இந்த இரண்டாம் கட்டத்தில்தான் எட்டாவது காரணியோ ஒன்பதாவது காரணியோ போதாமல், அடைப்பு பலவீனமாகி மறுபடி கசிய ஆரம்பிக்கிறது. வேகமாகக் கொட்டுவதில்லை, நீண்ட நேரம் விடாமல் கசிகிறது. காரணி எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து நோயை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: இயல்பில் 1 விழுக்காட்டுக்கும் கீழே என்றால் கடுமை, 1 முதல் 5 வரை நடுத்தரம், 5 முதல் 40 வரை லேசு. லேசாக இருப்பவர் பல் பிடுங்கும் வரையிலோ அறுவை சிகிச்சை வரையிலோ தனக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருந்துவிடலாம்.

பெயர் ஒருவரை எப்படித் திசைதிருப்பும் என்பதை நேரிலேயே பார்த்தேன். நான் வேலை செய்யும் கிளினிக்கிற்கு ஒரு தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், ஏழு வயது இருக்கும், செம்பனைத் தோட்டத்துக் குடும்பம். முழங்கால் வீங்கித் தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது, தொட்டால் சூடு, காலை நீட்ட விடாமல் மடக்கியே வைத்திருந்தான். வெளியில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. சுளுக்கு என்று நினைத்துப் பாட்டி நல்லெண்ணெய் காய்ச்சி இராத்திரி உருவிவிட்டிருக்கிறார், தேய்க்கத் தேய்க்க மூட்டுக்குள் இன்னும் கசியும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? ஹீமோஃபீலியா என்று எழுதிய கார்டு அம்மாவின் கைப்பையிலேயே இருந்தது. "வெட்டுக்காயம் எதுவும் படலியேக்கா, அதான் இது அதுவா இருக்காதுன்னு நினைச்சோம்" என்றார். உடனே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தோம். இரத்தம் நிற்காத வியாதி என்று சொல்லிச் சொல்லி எல்லோரும் வெட்டுக்காயத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம், கெடுதல் நடப்பதோ முழங்கால், முழங்கை, கணுக்கால் மூட்டுகளுக்குள்ளே. திரும்பத் திரும்ப அங்கே கசிந்தால் குருத்தெலும்பு அரித்து, சின்ன வயதிலேயே கால் மடங்கிப் போகும். தலையில் அடிபட்டால் வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் காத்திருக்கவே கூடாது. ஆஸ்பிரின் கூடாது, சதையில் போடும் ஊசியும் மருத்துவரைக் கேட்காமல் கூடாது.

ஏ, பி என்ற வகைகள் வந்த விதம் சுவையானது. அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் பாவ்லோவ்ஸ்கி என்ற மருத்துவர் 1947இல் இரண்டு ஹீமோஃபீலியா நோயாளிகளின் இரத்தத்தைச் சோதனைக் குழாயில் கலந்து பார்த்தார், தனித்தனியாக உறையாதது சேர்ந்ததும் உறைந்தது. ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்திருக்கிறது, அப்படியென்றால் இது ஒரு நோய் இல்லை, இரண்டு. இன்று எட்டாவது காரணி குறைந்தால் ஏ வகை, ஏறக்குறைய 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. ஒன்பதாவது குறைந்தால் பி வகை, அதைவிட அரிது. பி வகைக்கு 1952இல் கிறிஸ்துமஸ் நோய் என்று பெயர் வைத்தார்கள், பண்டிகையை வைத்து இல்லை, ஆராயப்பட்ட சிறுவனின் குடும்பப் பெயர் அது. விக்டோரியா மகாராணியின் வம்சத்தில் ஓடியதும் பி வகைதான் என்பது 2009இல்தான், அந்த வம்சத்தோடு உறவுள்ள ரஷ்ய அரச குடும்பத்தாரின் எலும்புகளிலிருந்து எடுத்த மரபணுவைப் படித்துத் தெரிந்தது.

இனி எனக்கு மிகவும் வருத்தம் தரும் சொல்லுக்கு வருகிறேன். இந்த இரண்டு காரணிகளுக்கான மரபணுக்களும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆணுக்கு ஒரே எக்ஸ், அதில் பிழை இருந்தால் ஈடுகட்ட வேறு இல்லை. பெண்ணுக்கு இரண்டு, ஒன்றில் பிழை இருந்தாலும் இன்னொன்று ஓரளவு தாங்கும். அப்படிப்பட்ட தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர பாதி வாய்ப்பு, ஒவ்வொரு மகளும் பிழையை வாங்கிக்கொள்ள பாதி வாய்ப்பு. நோயுள்ள தகப்பனின் மகள்கள் எல்லோருக்கும் அந்தப் பிழை போகும், மகன்களுக்குப் போகாது. இந்தப் பெண்களைப் பாடநூல்கள் "கடத்தி" என்கின்றன. நம் ஊர்ப் பத்திரிகையில் கடத்தல் என்றால் என்ன செய்தி வரும் என்று எல்லோருக்கும் தெரியும்! பெற்ற தாயை அந்தச் சொல்லால் அழைப்பது எனக்குச் சம்மதமில்லை. இலங்கைப் புத்தகங்களில் வரும் "காவி" கொஞ்சம் பரவாயில்லை. "மரபணு ஏந்தி" என்பது என் விருப்பம், ஏந்துவதில் குற்றம் இல்லை.

குற்றம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், வீட்டில் பையனுக்கு இது வந்ததும் விரல் முதலில் நீள்வது தாய்ப் பக்கம்தான், "உன் வம்சத்துல இருந்துதான் வந்துச்சு" என்று. மரபணு ஆய்வு இதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறது. எட்டாவது காரணியின் மரபணுவை 1984இல் பிரித்தெடுத்தார்கள். 1993இல் கடுமையான ஏ வகையில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் ஒரே விதமான பிழை இருப்பது தெரிந்தது: மரபணுவின் ஒரு பெரிய துண்டு அப்படியே திரும்பிப் போய் உட்கார்ந்திருக்கிறது. இந்தத் திருப்பம் பெரும்பாலும் ஆணின் விந்தணு உருவாகும்போதுதான் நேர்கிறது என்று அடுத்த ஆண்டே காட்டினார்கள். பல குடும்பங்களில் அது அம்மாவைப் பெற்ற தாத்தாவிடம் புதிதாக நேர்ந்தது, அவர் உடம்பில் நோயே இருந்திருக்காது. மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் வீட்டில் அதற்கு முன் யாருக்கும் இருந்ததில்லை. எந்தத் தாயும் செய்த பிழை இல்லை இது.

ஏந்திகள் நோய்ப்படுவதில்லை என்று ஓட்டோ எழுதியதும் முழுக்கச் சரியில்லை. பெண்ணின் ஒவ்வொரு உயிரணுவிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அடங்கிவிடும் என்று மேரி லயன் 1961இல் சொன்னார். நல்ல எக்ஸ் அதிகமான அணுக்களில் அடங்கிப்போனால் அந்தப் பெண்ணுக்கும் காரணி குறையும். மாதவிலக்கில் நாள் கணக்கில் கொட்டுகிறது, பிரசவத்துக்குப் பிறகு நிற்கவில்லை என்றால் "சூட்டு உடம்பு" என்று வெந்தயம் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். 2021இல்தான் சர்வதேச நிபுணர்கள், காரணி 40 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் பெண்ணையும் ஹீமோஃபீலியா உள்ளவர் என்றே அழைக்க வேண்டும் என்று பெயரைத் திருத்தினார்கள்.

வான் வில்லிபிராண்ட் நோய் என்று இரத்தம் சரியாக உறையாத இன்னொரு நோய் உண்டு, அது ஆண் பெண் பேதம் பார்க்காது. ஃபின்லாந்தின் ஓலண்ட் தீவுகளில் ஒரு குடும்பத்தை ஆராய்ந்து எரிக் வான் வில்லிபிராண்ட் 1926இல் எழுதினார், அந்த வீட்டுச் சிறுமி ஒருத்தி மாதவிலக்கில் இரத்தம் நிற்காமலேயே இறந்துபோனாள். அவர் முதலில் வைத்த பெயர் "போலி ஹீமோஃபீலியா". அந்தப் பிள்ளைக்கு வந்ததில் போலி எதுவும் இல்லை.

அதனால் என் யோசனை, "குருதி உறைவுக் குறைபாடு". குறைபாடு என்றால் அளவு உண்டு, லேசும் கடுமையும் அதில் அடங்கும், பெண்களும் அடங்குவார்கள். எதிர்ப்பக்கத்துக்கும் உதவும்: த்ரோம்போஃபீலியா என்கிறார்களே, இரத்தம் தேவையில்லாமல் கட்டிப்போகும் பரம்பரைத் தன்மை, அதைக் "குருதி உறைவு மிகை" என்று சொல்லிவிடலாம். ஹாலந்தின் லைடன் நகரில் 1994இல் கண்டுபிடித்த ஐந்தாவது காரணி மாற்றம் அந்த வகை, அது ஐரோப்பியர்களிடம் அதிகம், நம்மவர்களிடம் குறைவு. கார்டில் மட்டும் ஹீமோஃபீலியா ஏ, பி என்றே இருக்கட்டும், அவசரத்தில் எந்த மருத்துவரும் படிக்க வேண்டும்.

இன்று காரணியை ஊசியாகப் போட்டுக்கொள்ளலாம், ஏ வகைக்குத் தோலுக்கடியில் போடும் எமிசிசுமாப் என்ற மருந்து 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, மரபணுச் சிகிச்சைகளும் 2022 முதல் சில நாடுகளில் அனுமதி பெற்றுவருகின்றன, விலைதான் எட்டாத உயரம். நம் நாட்டில் கோலாலம்பூர் தேசிய இரத்த மையத்தில் இதற்கென்றே சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. வீட்டில் பையனுக்கு இருந்தால், அவனுடைய மரபணுவில் எந்தப் பிழை என்று பரிசோதனையில் தெரிந்ததும் அந்தத் தாளை வாங்கிப் பத்திரமாக வையுங்கள், அது கையில் இருந்தால் அக்கா தங்கைகளுக்கும் சித்திக்கும் அதே இடத்தை மட்டும் தேடிப் பார்த்தால் போதும். அதோடு அவர்களுடைய காரணி அளவையும் கேட்டு வாங்குங்கள், பிரசவத்துக்கு முன்னாலேயே.