கேள்வி கேட்டால் கண் நகரும்

வீட்டில் சிங்கப்பூரின் ஐம்பது வெள்ளி நோட்டு இருந்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தில் முதல் அதிபர் யூசோஃப் இஷாக்கின் முகம் எல்லாருக்கும் தெரியும். பின்பக்கத்தில் இரண்டு ஓவியங்கள் இருப்பது பலருக்கு நினைவில் இருக்காது. ஒன்று சென் வென் ஷி வரைந்தது, கொடிகளுக்கு நடுவே இரண்டு கிப்பன் குரங்குகள். மற்றொன்று சியோங் சூ பியெங் 1978இல் வரைந்தது, மீன் உலர்த்தும் பெண்கள். அவற்றோடு நான்கு இசைக்கருவிகளும் உண்டு. அதில் ஒன்று வீணை.

1999இலிருந்து கைமாறிக்கொண்டிருக்கும் நோட்டு இது. ஆனாலும் வீணை கண்ணில் பட்டதில்லை என்றால் காரணம் எளிது. நோட்டைப் பார்த்து நாம் கேட்பது ஒரே கேள்விதான்: எவ்வளவு? பதில் கிடைத்தவுடன் கண்ணுக்கு வேலை முடிந்துவிடுகிறது. அதே நோட்டை ஒரு பாலர் பள்ளிப் பிள்ளையிடம் காட்டி, “இதுல ஒரு வீணை ஒளிஞ்சிருக்கு, கண்டுபிடி பார்ப்போம்” என்று சொல்லுங்கள். அந்தக் கண் நோட்டு முழுக்க ஊர்ந்து திரும்பும்.

பிள்ளைகளுக்குக் கலையைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது என்பதன் அறிவியல் பெரும்பாலும் இதற்குள்தான் இருக்கிறது. கண் தானாக எல்லாவற்றையும் பார்த்துவிடுவதில்லை, அதை எங்கே அனுப்புவது என்று மூளை முடிவு செய்கிறது. மூளையை உசுப்புவது கேள்வி.

விழித்திரையின் நடுவில் ஃபோவியா என்று ஒரு சிறு குழி இருக்கிறது. நுணுக்கமாகப் பார்க்க முடிவது அந்த இடத்தில் மட்டும்தான். கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் நகம் எவ்வளவு இடத்தை மறைக்கிறதோ, கூர்மையாகத் தெரியும் பரப்பு கிட்டத்தட்ட அவ்வளவே. மற்றதெல்லாம் மங்கல். இந்தக் குறையை ஈடுகட்டத்தான் கண் ஒரு நொடிக்கு மூன்று நான்கு முறை தாவுகிறது. தாவி நின்ற இடங்களை மூளை ஒட்டுப்போட்டு, முழுப் படத்தையும் பார்த்துவிட்ட உணர்வை நமக்குத் தருகிறது. தாவாத இடத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் பதில் வராது.

இந்தத் தாவல்களைப் பதிவு செய்து பார்த்தவர் சோவியத் ஆய்வாளர் ஆல்ஃபிரட் யார்பஸ். பார்ப்பவரின் கண்மீது சிறு கண்ணாடி பொருத்திய உறிஞ்சுகுமிழை ஒட்டி, அது எங்கெல்லாம் திரும்புகிறது என்று தடம் எடுத்தார். அவர் காட்டிய படம் இல்யா ரெபின் வரைந்தது. நாடுகடத்தப்பட்ட ஒருவர் திடீரென்று வீட்டுக்குள் வருகிறார், வீட்டார் திகைத்துப் பார்க்கிறார்கள். ஒரே ஆள், ஒரே படம், ஆனால் வெவ்வேறு கேள்விகள். “இவர்களுக்கு என்ன வயது?” என்று கேட்டபோது கண் முகம் முகமாகச் சுற்றியது. “இந்தக் குடும்பம் வசதியானதா?” என்றபோது உடைக்கும் நாற்காலி மேசைக்கும் போனது. கேள்வி மாறியதும் தடமே வேறு படமாக இருந்தது. 1960களில் வெளியான இந்த முடிவு ஓவியம் சொல்லித்தரும் எல்லா ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டியது என்று நினைக்கிறேன்.

கேள்வியே இல்லாமல் விட்டால் என்ன ஆகும்? நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஓவியங்களுக்கு முன் மக்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அளந்த ஆய்வு 2001இல் வந்தது. பாதி நேரங்களில் 17 நொடிக்கு மேல் யாரும் நிற்கவில்லை. பெயர்ப் பலகையைப் படிக்கும் நேரமும் அதில் அடக்கம். பெரியவர்கள் நிலையே இப்படி என்றால், “ஓடாதே, தொடாதே” என்று மட்டும் சொல்லி அழைத்துப்போகும் பிள்ளை என்ன பார்க்கும்?

சரி, எந்தக் கேள்வியைக் கேட்பது? “இது என்ன?” என்ற கேள்வி அநேகமாகக் கதவைச் சாத்திவிடும். “குரங்கு.” முடிந்தது. உளவியலாளர் அபிகெய்ல் ஹவுசனும், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவை நடத்திய ஃபிலிப் யெனவைனும் சேர்ந்து உருவாக்கிய முறையில் மூன்றே கேள்விகள். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன கண்டுபிடிக்கலாம்? முதல் கேள்வி கதைக்கு இடம் கொடுக்கிறது. மூன்றாவது கேள்வி, நின்றுபோன கண்ணை மறுபடி கிளப்புகிறது. ஆனால் இந்த முறையை ஓட்டும் எந்திரம் இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. தோன்றியதைச் சொன்ன பிள்ளை, அந்த எண்ணம் படத்தின் எந்த இடத்திலிருந்து வந்தது என்று திரும்பிப் போய்த் தேட வேண்டும். ஊகத்துக்குச் சான்று தேடும் பழக்கம் அப்படித்தான் வருகிறது. அறிவியல் வகுப்பிலும் அதைத்தானே கேட்கிறோம்.

ஒரு படத்தை வைத்துப் பார்ப்போம். சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தில் சுவா மியா டீ 1959இல் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று இருக்கிறது. தேசிய மொழி வகுப்பு என்பது அதன் பெயர். சிங்கப்பூருக்குச் சுயாட்சி கிடைத்த ஆண்டு அது. ஒரு வட்ட மேசை, சுற்றிலும் பல இனத்தவர், மலாய்ப் பாடம் நடக்கிறது. கரும்பலகையில் மலாயில் இரண்டு கேள்விகள். உன் பெயர் என்ன? நீ எங்கே வசிக்கிறாய்?

இந்தத் தகவலை எல்லாம் முதலிலேயே கொட்டிவிட்டால் பிள்ளை தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடும். சொல்லாமல் நின்று பாருங்கள்.

“ஏதோ டியூஷன் நடக்குதும்மா.”

“எதைப் பார்த்து டியூஷன்னு சொல்றே?”

“எல்லார் கிட்டயும் புக் இருக்கு. ஆனா ஸ்கூல் மாதிரி வரிசையா உக்காரல.”

“ஆமா, மேசையைச் சுத்தி உக்காந்திருக்காங்க. அப்புறம் வேற என்ன தெரியுது?”

“இவங்க பெரியவங்க. பெரியவங்க ஏன் ‘உன் பேர் என்ன’ன்னு படிக்கிறாங்க?”

இப்போதுதான் 1959 என்ற ஆண்டுக்கு அர்த்தம் வருகிறது. பிள்ளை கேட்ட கேள்விக்கு வரலாறு பதிலாக வந்து உட்கார்கிறது. நடுவில் அந்த அம்மா செய்ததைக் கவனியுங்கள். சரி, தவறு என்று தீர்ப்புச் சொல்லவில்லை. பிள்ளை சொன்னதையே இன்னும் தெளிவான வாக்கியமாகத் திருப்பிச் சொன்னார். சொன்ன இடத்தை விரலால் சுட்டியும் காட்டலாம். இரண்டு பேர் ஒரே இடத்தை ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டு பேசும்போது பிள்ளை சொற்களை வேகமாகப் பிடித்துக்கொள்கிறது. வீட்டில் ஆங்கிலமே அதிகம் புழங்கும் நம் பிள்ளைகளுக்குத் தமிழில் பேச இதைவிட இயல்பான காரணம் கிடைப்பது அரிது. மனப்பாடம் செய்த பதில் இங்கே உதவாது. சாய்வு, நிழல், விளிம்பு, மங்கல் என்று சொற்கள் தேவைப்படும், தேவைப்பட்டால் தங்கும்.

பார்ப்பதற்கும் பேசுவதற்கும் அடுத்து வரைவது. இங்கேதான் பெரியவர்கள் அதிகம் குழம்புகிறோம். மூன்று நான்கு வயதில் பிள்ளை வரையும் மனிதர் ஒரு வட்டம், அதிலிருந்தே கிளம்பும் இரண்டு கால்கள். உடம்பு எங்கே என்று திருத்தப் போகாதீர்கள். உலகத்தின் பல மூலைகளிலும் பிள்ளைகள் இந்தக் கட்டத்தைக் கடந்துதான் வருகிறார்கள். அடுத்த கட்டம் இன்னும் சுவையானது. ஃப்ரீமன், ஜானிக்கூன் என்ற இரு ஆய்வாளர்கள் 1972இல் பிள்ளைகள் முன் ஒரு கோப்பையை வைத்தார்கள். கைப்பிடி பின்பக்கம் மறைந்திருந்தது. முன்பக்கம் ஒரு பூ தெரிந்தது. பார்ப்பதை வரையச் சொன்னபோது சின்னப் பிள்ளைகள் தெரியாத கைப்பிடியை வரைந்தார்கள், தெரிந்த பூவை விட்டுவிட்டார்கள். எட்டு வயதை ஒட்டித்தான் இது தலைகீழானது.

இதைக் கவனக்குறைவு என்று எடுத்துக்கொண்டால் தவறு. கோப்பை என்றால் கைப்பிடி இருக்கும் என்று பிள்ளைக்குத் தெரியும், தெரிந்ததை வரைகிறது. பிரெஞ்சு ஆய்வாளர் லூக்கே நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதை அறிவின் யதார்த்தம் என்று பிரித்துச் சொன்னார். பஸ்ஸின் சுவர் வழியே உள்ளே இருக்கிறவர்களின் கால் தெரிவதும், அம்மா வயிற்றுக்குள் தம்பிப் பாப்பா தெரிவதும் இந்த வகைதான். அதனால் பிள்ளையின் படம் நமக்கு ஒரு தகவல் பெட்டகம். அந்தப் பொருளைப் பற்றி அதற்கு என்னவெல்லாம் தெரியும் என்பது அதில் இருக்கிறது. “கைப்பிடி இப்ப தெரியுதா? கிட்ட வந்து பாரு” என்று ஒரு கேள்வி போதும். வேண்டுமென்றால் மாற்றட்டும், வேண்டாமென்றால் விட்டுவிடலாம்.

வரைவது நினைவையும் பிடித்து வைக்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 2016இல் வெளியான ஆய்வில், சொற்களை எழுதிப் பார்த்தவர்களைவிட அவற்றைப் படமாக வரைந்தவர்களுக்கு அவை அதிகமாக நினைவிருந்தன. நான்கு நொடி கிறுக்கலே போதுமானதாக இருந்தது. படம் அழகாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. வரையும்போது பொருளையும் உருவத்தையும் கையசைவையும் ஒன்றாகக் கட்ட வேண்டியிருப்பதே இதற்குக் காரணம் என்று அவர்கள் கருதுகிறார்கள்.

நம் வீடுகளில் இதற்கு ஏற்கெனவே ஒரு பயிற்சி உண்டு: சிக்குக் கோலம். புள்ளி வைத்து, கோடு எங்கும் அறுபடாமல் சுற்றி வந்து சேர வேண்டும் என்றால், கை தொடங்கும் முன் கண் முழுப் பாதையையும் ஓடிப் பார்த்திருக்க வேண்டும். சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1970களில் கோலத்தின் விதிகளைக் கணினியியலின் வடிவ இலக்கணமாகவே எழுதிக் காட்டினார்கள். தீபாவளி சமயத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வாசலில் ஒட்டுத்தாள் கோலத்தை ஒட்டுவதற்கு முன், ஒரு சாக்பீஸைப் பிள்ளை கையில் கொடுத்துப் பாருங்கள் என்று பாட்டிமார்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு விஷயத்தை மனம் நோகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சமூக மன்றம், கடைத்தொகுதி என்று எங்கே போனாலும் வண்ணம் தீட்டும் போட்டி, முதல் மூன்று பேருக்குப் பரிசு. நல்ல நோக்கம்தான். ஆனால் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973இல் வெளியிட்ட பரிசோதனை யோசிக்க வைக்கிறது. வரைய ஏற்கெனவே ஆசைப்பட்ட பாலர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பிரிவிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்து, யாரும் எதுவும் சொல்லாமல் பேனாக்களை வகுப்பில் வைத்தபோது, அந்தப் பிரிவினர் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு இந்தச் சரிவு இல்லை. ஆக, பரிசால் வந்ததல்ல இந்தக் கெடுதல். பரிசுக்காக வரைகிறேன் என்ற எண்ணம் உள்ளே புகுந்ததால் வந்தது.

ஒன்பது பத்து வயதில் இன்னொரு திருப்பம் வரும். தன் படத்தையும் உண்மையான பொருளையும் ஒப்பிடும் திறன் வந்துவிடுகிறது, கை இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. “எனக்கு வரைய வராது” என்று பல பிள்ளைகள் பென்சிலைக் கீழே வைப்பது அப்போதுதான். நம் பள்ளிகளில் தொடக்கநிலை 4 மாணவர்களை ஓவியப் பாடத்தின் பகுதியாக அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போவதும் அதே வயதில் என்பது எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது. சியோங் சூ பியெங்கின் பெண்களுக்குக் கைகால்கள் இயல்பை மீறி நீளம். லியூ காங் பாத்திக் துணியின் சாயலில் உருவங்களுக்கு வெள்ளைக் கோடு இழுத்தார். அச்சு அசலாக வரையாத பெரிய ஓவியர்களை நேரில் பார்ப்பது, தன் கை தோற்றுவிட்டது என்று நினைக்கும் பிள்ளைக்கு நல்ல மருந்து.

இதனால் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில் மதிப்பெண் கூடுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஓவியம் கற்பதால் கணக்கிலும் வாசிப்பிலும் மதிப்பெண் ஏறும் என்பதற்கு, பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த எலன் வின்னரும் லோயிஸ் ஹெட்லண்டும் 2000இல் உறுதியான சான்று காணவில்லை. கிடைப்பது வேறு. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகம் 2011இல் திறந்தபோது, வர விரும்பிய பள்ளிகள் குவிந்ததால் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். ஏறத்தாழ 11,000 மாணவர்களை ஆராய்ந்தபோது, ஒரு மணி நேரம் ஐந்து ஓவியங்கள் அளவில் பார்த்துப் பேசிவிட்டுப் போனவர்கள், வாரங்கள் கழித்து முன்பின் பார்க்காத ஓர் ஓவியத்தைப் பற்றி எழுதியபோது, போகாதவர்களைவிடக் கூடுதலாகக் கவனித்து, காரணத்தோடு எழுதினார்கள். முன்னேற்றம் சிறியதுதான். ஆனால் சிற்றூர்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் அது மூன்று மடங்குக்கு மேல் இருந்தது.

இங்கே கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையத்தில் பழைய செட்டிநாட்டு வாசற்கால் ஒன்று நிற்கிறது. அதில் ஐயாயிரம் நுண்ணிய செதுக்கல்கள். தேசியக் கலைக்கூடத்தைப் போலவே அங்கும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிலையான காட்சிக்கூடங்களில் கட்டணம் கிடையாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்ட முயலாதீர்கள். வாசற்காலில் ஓர் உள்ளங்கை அளவு இடத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும், அதை மட்டும் பார்த்து வரையட்டும். பென்சிலும் தாளும் போதும், பேனாவையும் வண்ணத்தையும் பொதுவாக உள்ளே விடமாட்டார்கள். முடித்துக் காட்டும்போது “வெரி குட்” என்று சொல்லி நிறுத்தாமல், “இந்தக் கோடு ஏன் இப்படி வளையுது?” என்று கேளுங்கள். அநேகமாகப் பிள்ளை உங்களை மறுபடி வாசற்காலுக்கே இழுத்துக்கொண்டு போகும்.